கொழுக்கட்டைப்புல்லோடு முயல் மசால் கலந்து விதைத்தால் மண்ணும் விதை மகசூலும் தேறுமா?

தேறும். முதல் வருஷமே எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம். கொழுக்கட்டை மேய்ச்சல் புல்; முயல் மசால் (ஸ்டைலோ) பயறு வகைத் தீவனச் செடி.

நான் காங்கேயம் பக்கம். 3 ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், சுற்றிலும் முள்கிளுவை வேலி, மானாவாரி. முன்னெல்லாம் கொழுக்கட்டைக்கு நடுவே நரிப்பயறு, செப்புநெருஞ்சி என்ற பயறு வகைச் செடிகள் தானாக முளைத்துக் கிடக்கும். ஒட்ட ஒட்ட மேய்த்து அவை அற்றுப்போன பிறகுதான் முயல் மசாலைத் தேடிப் போனேன்.

மசால் காற்றிலிருந்து பிடிக்கும் தழைச்சத்து அன்றைக்கே புல்லுக்குப் போய்விடாது. உதிர்ந்த இலை, செத்த வேர், ஆட்டுப் புழுக்கை, இப்படிச் சுற்றித்தான் பெரும்பங்கு வந்து சேரும். எங்கள் காட்டில் இரண்டாம் வருஷ ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் மசாலை ஒட்டி நின்ற புல் கரும்பச்சை கட்டியது. தூரும் கதிரும் கூடின. மழை ஈரத்தில் ஒரு மசால் செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது என்று அர்த்தம். யூரியா மட்டும் போட்டுவிடாதீர்கள், புல் ஏறி மசாலை அமுக்கிவிடும். போடுவதானால் சூப்பர் பாஸ்பேட்.

விதைக்கு வருவோம். முதலில் இரண்டையும் கலந்தே தூவினேன். மேய்ச்சலுக்கு அது போதும், விதைக்கு ஆகாது. கொழுக்கட்டைக் கதிர் ஒன்றுபோல் முற்றாது, முற்றினது நிற்காமல் உதிரும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கையால் உருவ வேண்டும். மசால் விதையோ தரையில் கொட்டும். ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம் செடியை அறுத்துவிட்டுத் தரையைக் கூட்டித்தான் விதை சேர்க்கிறார்கள். நானும் சீமாறால் கூட்டினேன். முறத்தில் பாதி கொழுக்கட்டைச் சுணை! அம்மா சேலையில் ஒட்டினதைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "நீயே பொடச்சுக்கோ சாமி" என்று முறத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நாலு வரிசை புல், நாலு வரிசை மசால் என்று பட்டை பட்டையாக விடுகிறேன். கூட்டும்போது கலப்பு ரொம்பக் குறைந்துவிட்டது.

மசால் விதைக்குத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு விதையுங்கள். கொழுக்கட்டைக்கு அது வேண்டாம், ஆனால் புது விதை முளைக்காது. 6 மாதத்துக்கு மேல் கிடக்க வேண்டும். மார்கழியில் உருவினதைச் சித்திரை மழைக்கே தூவிவிட்டு, விதை சொத்தை என்று புலம்பினேன். மூட்டையில் மிச்சமிருந்த அதே விதை புரட்டாசியில் திமுதிமுவென்று முளைத்தது.