பூ கடைக்கு வந்து சேர வேண்டுமே

அன்புள்ள சார்,

சில ஆண்டுகளாக ராக் இசை கேட்டு வருகிறேன். பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட், லெட் செப்பலின் என்று எல்லோரும் தொடங்கும் இடத்தில்தான் நானும் தொடங்கினேன். இப்போது அதிகம் பேசப்படாத குழுக்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன். நண்பர்களிடம் சொன்னால், “அவ்வளவு நல்ல குழுவாக இருந்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்குமே, பூக்கடைக்கு எதற்கு விளம்பரம்?” என்கிறார்கள். பதில் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூர அந்த நம்பிக்கை உண்டு. நல்ல இசை இன்று இல்லாவிட்டாலும் என்றாவது ஒருநாள் மேலே வந்துதானே தீரும்? உரிய அங்கீகாரம் கிடைக்காத ராக் குழுக்கள் என்று நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? என் பட்டியலில் இப்போதைக்கு கேன், டெலிவிஷன், பிக் ஸ்டார் மூன்றும் இருக்கின்றன.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் பட்டியலில் இரண்டு பேரைக் கழித்துவிடுகிறேன். கேன் குழுவும் டெலிவிஷன் குழுவும் நம் அனுதாபத்துக்கு உரியவர்கள் அல்ல. டெலிவிஷனின் 1977 ஆல்பமான ‘மார்க்கீ மூன்’ இல்லாமல் விமர்சகர்கள் பட்டியல் போடுவதே அபூர்வம். கேன் குழுவைப் பற்றிக் கேட்டால் பாதி இசைக்கலைஞர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை, அவ்வளவுதான். மரியாதை வட்டியோடு வந்து சேர்ந்துவிட்டது. விற்பனை குறைவு என்பதையும் அங்கீகாரம் இல்லை என்பதையும் நாம் அடிக்கடி ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பிக் ஸ்டாரும் இன்று ஓரளவு மரியாதை பெற்ற குழுதான். ஆனாலும் அதை விட்டுவைக்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர்களின் பூக்கடைக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக் குழு அது. 1971-ல் உருவானது. பாடகர்களில் ஒருவரான அலெக்ஸ் சில்டன் ஏற்கெனவே நட்சத்திரம். 1967-ல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய ‘தி லெட்டர்’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. இன்னொருவர் கிறிஸ் பெல். ஸ்டுடியோவிலேயே குடியிருக்கிற ஆள், ஒலிப்பதிவில் அப்படி ஒரு கவனம். இருவரும் சேர்ந்து எழுதிய முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று பெயர் வைத்தார்கள். 1972-ல் வந்தது. விமர்சனங்கள் எல்லாம் பிரமாதம். இதிலுள்ள எந்தப் பாட்டையும் தனி இசைத்தட்டாகப் போடலாம் என்கிற அளவுக்குப் பாராட்டினார்கள்.

ஆனால் கடையில் ஆல்பம் இல்லை. அதை வெளியிட்ட ஆர்டென்ட் சிறிய நிறுவனம், விநியோகம் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கையில். ஸ்டாக்ஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஸோல் இசைக்குப் பேர்போன நிறுவனம். நாலு வெள்ளைக்காரப் பையன்கள் கிதாரோடு வந்து நின்றால் அவர்களை எந்தக் கடையில், எந்த அலமாரியில் வைப்பது என்று அதற்குப் பிடிபடவில்லை. பிறகு ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தை கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. கொலம்பியாவோ, அதுவரை சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்த சிறு விநியோகஸ்தர்களை ஓரங்கட்டியது. தானும் உருப்படியாகக் கொண்டுபோகவில்லை. பத்திரிகையில் படித்துவிட்டு ஆசையாகக் கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். 1974-ல் வந்த ‘ரேடியோ சிட்டி’க்கும் இதே கதிதான். 1975 முடிவதற்குள் ஸ்டாக்ஸ் நிறுவனமே திவாலானது.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம், சரி. பூ கடைக்கு வந்து சேர வேண்டுமே!

அந்த முதல் ஆல்பத்தில் ‘தர்ட்டீன்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. டிரம்ஸ் கிடையாது. இரண்டு அக்கூஸ்டிக் கிதார்கள், கொஞ்சம் கூட்டுக்குரல். பள்ளி விட்டதும் உன்னோடு வீடுவரை நடந்து வரட்டுமா என்று ஒரு பையன் கேட்கிறான். பெரியவர்கள் எழுதும் பதின்வயதுப் பாட்டுகளில் வழக்கமாக ஒரு கேலியோ ஏக்கமோ எட்டிப் பார்க்கும். இதில் இரண்டும் இல்லை. அவன் பதற்றம் அப்படியே இருக்கிறது. கடைசி வரியில், உனக்குச் சரிப்படவில்லை என்றால் நான் போய்விடுகிறேன் என்று தானே வழியையும் விட்டுக்கொடுக்கிறான். இரண்டரை நிமிடம்தான். மனம் உடைந்த கிறிஸ் பெல் முதல் ஆல்பத்தோடு குழுவை விட்டு விலகினார், 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது 27. பின்னாளில் ஆர்.ஈ.எம். குழுவினர் பேட்டிகளில் பிக் ஸ்டாரைப் பற்றிப் பேசினார்கள், ரீப்ளேஸ்மெண்ட்ஸ் குழு சில்டன் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதியது. பெல் எதையும் பார்க்கவில்லை.

“என்றாவது மேலே வந்துதானே தீரும்” என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் எனக்குச் சிக்கல். மேலே வந்ததை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாம் மேலே வரும் என்று சொல்கிறோம். வராதவற்றை எண்ண வழியில்லையே. வந்தவற்றைக்கூடத் தோண்டிப் பாருங்கள், தானாக வந்தது எதுவும் இருக்காது. யாரோ ஒருவர் பரணில் இருந்த நாடாவைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்திருப்பார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. டெத் என்ற குழுவைப் பாருங்கள். டெட்ராய்ட் நகரத்தில் டேவிட், பாபி, டேனிஸ் ஹேக்னி என்று மூன்று கறுப்பினச் சகோதரர்கள். அவர்களைச் சுற்றி எல்லோரும் அந்த ஊரின் மோட்டவுன் நிறுவனம் பிரபலமாக்கிய ஸோல் பாணி இசையில் இருக்க, இவர்கள் வேகவேகமான கனத்த ராக் வாசித்தார்கள். தந்தையை ஒரு விபத்தில் இழந்த பிறகு குழுவுக்கு இந்தப் பெயரை வைத்தவர் மூத்தவர் டேவிட். மரணம் என்றாலே இருட்டு என்பதை மாற்றிக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1975-ல் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் இசைத்துறையின் பெரும்புள்ளியான கிளைவ் டேவிஸுக்குப் பாட்டு பிடித்திருந்தது, பெயர்தான் பிடிக்கவில்லை. மாற்றினால் ஒப்பந்தம். டேவிட் மறுத்துவிட்டார். தம்பிகளுக்கு வருத்தம்தான், ஆனாலும் அண்ணன் பக்கம் நின்றார்கள். 1976-ல் சொந்தமாக 500 பிரதி மட்டும் ஒரு சிறிய இசைத்தட்டு போட்டார்கள். வானொலி கண்டுகொள்ளவில்லை. குழு கலைந்தது.

டேவிட் 2000-ல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன்பு மூல நாடாக்களைத் தம்பியிடம் கொடுத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடிக்கொண்டு வரும், பத்திரமாக வைத்திரு என்று சொல்லியிருந்தார். தம்பிகள் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரெகே என்னும் ஜமைக்கா பாணி இசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இப்படி ஒரு குழுவில் இருந்தார் என்பதே பாபியின் மகன்களுக்குத் தெரியாது. பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் கையில் அந்த 500 பிரதிகளில் சில சிக்கி, இணையத்துக்குப் பாட்டு வந்து, அதில் கேட்ட குரலைக் கொண்டு மகன்கள் கண்டுபிடித்தார்கள். 2009-ல் அந்த ஏழு பாட்டுகளும் ஆல்பமாக வெளிவந்தன.

‘பொலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்’ என்ற அவர்கள் பாட்டில் பேஸ் கிதாரும் டிரம்ஸும் மூச்சு விடாமல் ஓடுகின்றன. டேவிட்டின் கிதார் அதன்மேல் அறைந்துகொண்டே போகிறது. நடுவில் திடீரென்று எல்லாம் தளர்ந்து, வேறு ஒரு பாட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று நினைக்கும்போது மறுபடி பிடித்துக்கொள்கிறது. இப்படி வேகமும் முரட்டுத்தனமுமான ராக்குக்கு உலகம் பங்க் என்று பெயர் வைத்துக் கொண்டாடத் தொடங்கியது ராமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்த 1976-ல். இது அதற்கு முந்தைய ஆண்டு பதிவானது. அங்கீகாரம் என்பது பாராட்டு மட்டும் அல்ல, வரலாற்றில் உங்கள் வரிசை எண்ணும்தான். அது தவறான ஆளிடம் போய்விட்டால் பிறகு திருத்துவது லேசில்லை.

ஃபேனி குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஜூன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகளின் குழு. 1970-ல் ரிப்ரைஸ் என்ற பெரிய நிறுவனம் இவர்கள் ஆல்பத்தை வெளியிட்டது. பெண்களே எல்லாக் கருவியும் வாசிக்கும் ராக் குழுவுக்கு அன்று அப்படி ஓர் இடம் கிடைப்பது அபூர்வம். அவர்கள் காலத்தின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று என்று 1999-ல் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி சொன்னார். இவர்களைப் பற்றி வாதாடவே வேண்டாம். 1971-ல் ஜெர்மன் தொலைக்காட்சியின் பீட்-கிளப் நிகழ்ச்சியில் இவர்கள் நேரடியாக வாசித்த காட்சி கிடைக்கிறது, பாருங்கள்.

அப்புறம் பிரிட்டனின் பேட்ஃபிங்கர். இவர்கள் கதை மற்றவர்களுடையதற்கு நேர் எதிர். இங்கே பாட்டு உலகப் புகழ் பெற்றது, குழு காணாமல் போனது. ‘விதவுட் யூ’ பாட்டை உங்கள் நண்பர்கள் கட்டாயம் கேட்டிருப்பார்கள். 1972-ல் ஹேரி நில்சன் பாடி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம், 1994-ல் மரையா கேரி பாடி மறுபடியும் ஒரு சுற்று. எழுதியவர்கள் பேட்ஃபிங்கரின் பீட் ஹேமும் டாம் எவன்ஸும். இருவரிடமும் ஆளுக்குப் பாதிப் பாட்டு இருந்தது. ஒருவரிடம் சரணம், இன்னொருவரிடம் பல்லவி. இரண்டையும் ஒட்டினார்கள். 1970-ல் வந்த அவர்களது மூலப் பதிவைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் உச்சஸ்தாயியில் கதறும் பல்லவியை அவர்கள் அலட்டிக்கொள்ளாமல், கூட்டாக, களைத்துப்போன குரலில் பாடியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். பிரிந்து போகிறவர்கள் அத்தனை சுதியாகக் கதற மாட்டார்கள்.

பணம் அவர்களுக்கு வரவில்லை. மேலாளர் விவகாரத்தில் கணக்கு குளறுபடியாகி, வழக்காகி, நன்றாகப் போயிருக்க வேண்டிய ஓர் ஆல்பத்தை 1975-ன் தொடக்கத்தில் வார்னர் நிறுவனம் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த ஏப்ரலில் ஹேம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. எட்டு ஆண்டுகள் கழித்து எவன்ஸும். 2013-ல் ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் இவர்களது ‘பேபி ப்ளூ’ ஒலித்தபோது புதிதாக ஒரு தலைமுறை அந்தப் பெயரைத் தேடியது. நல்லதுதான். ஆனால் இதைக் கலையின் வெற்றி என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆங்கிலம் பேசும் இரண்டு நாடுகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு ‘உலகம் மறந்த குழுக்கள்’ என்று சொல்வதும் அநியாயம். 1970-களில் ஜாம்பியாவில் ஜாம்ராக் என்று ஒரு பெரிய அலையே இருந்தது. கரகரப்பேற்றிய கிதார், ஆப்பிரிக்கத் தாளம். அதன் முன்வரிசையில் விட்ச் குழு. பாடகர் இமானுவேல் சாண்டாவை எல்லோரும் ஜகாரி என்பார்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் பெயரிலிருந்து வந்தது. 1975-ல் வந்த ‘லேஸி போன்ஸ்’ அவர்கள் ஆல்பங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது. அவர்களை வீழ்த்தியது ரசனை மாற்றம் மட்டும் இல்லை. ஜாம்பியாவின் வருமானமே செம்பு. 1970-களின் நடுவில் செம்பு விலை சரிந்தது, நாடு வறண்டது, இசைக்குச் செலவழிக்க ஆள் இல்லை. பிறகு எய்ட்ஸ் வந்து அந்தத் தலைமுறைக் கலைஞர்களில் பலரை வாரிக்கொண்டு போனது. ஜகாரி ரத்தினக்கல் தோண்டப் போனார். பழைய ஆல்பங்கள் மறுவெளியீடாகி, அவர் மறுபடி மேடையேறி, 2023-ல் புது ஆல்பமும் போட்டார். உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், செம்பு விலை சரிந்ததற்கும் அந்தக் குழுவின் தரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாருக்கும் தெரியாத குழு என்பதாலேயே உயர்ந்த குழு ஆகிவிடாது. மறுவெளியீடு என்பது இன்று ஒரு தொழில். தொலைந்த பொக்கிஷம் என்று சீட்டு ஒட்டி வருவதில் பாதி, தொலைந்ததே நல்லது என்று நினைக்கத் தோன்றும் ரகம். நமக்கு மட்டும் தெரியும் என்ற மிதப்பு காதை மந்தமாக்கிவிடும். நான் மேலே சொன்ன குழுக்களை, அவர்களது துயரக் கதையைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் நிற்பவர்கள் என்பதால்தான் சொல்கிறேன். பேட்ஃபிங்கரின் எல்லா ஆல்பமும் அப்படி நிற்கும் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

இப்போது எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறதே, இனி இப்படி நடக்காது என்று நீங்கள் கேட்கலாம். கடைக்குப் பூ வந்து சேர்கிறது என்பது உண்மை. ஆனால் கடை ஊரளவு பெரிதாகிவிட்டது. 2024 முதல், பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகையே கிடையாது. டெத் குழுவின் பாட்டை இன்று 500 பேர் ஆளுக்கு ஒருமுறை கேட்டிருந்தால் கணக்கில் அது வெறும் பூஜ்யம்.

நண்பர்களிடம் வாதாடாதீர்கள். கதையை முதலில் சொல்லவும் வேண்டாம், இரக்கத்தோடு கேட்டால் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். டெத் குழுவின் அந்தப் பாட்டைப் பெயரும் ஆண்டும் சொல்லாமல் போட்டுவிடுங்கள். முடிந்ததும் எந்த ஆண்டுப் பாட்டு என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.