இயக்கங்களைப் பற்றிய படிப்பு: தாராவியில் வாழும் ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சமூகவியல் இளங்கலை இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள் முதுகலையில் சமூக இயக்கங்களைப் பற்றிப் படிக்க விரும்புவதாகவும், "கொடி பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு இரண்டு வருடமும் பணமும் எதற்கு" என்று தாங்கள் மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தங்கள் தந்தையார் 1982ஆம் ஆண்டு பம்பாய்த் துணி மில் வேலைநிறுத்தத்தில் வேலையை இழந்தார் என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். தங்கள் அச்சத்தின் வேர் அந்த வரியில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதால், பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய அந்த வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றார்கள். முறைப்படி முடித்துக்கொண்டதாக அறிவிக்கப்படாமலேயே அது தேய்ந்து போனது. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை. அத்தனை பேர் ஒன்றுசேர்ந்தது எப்படி, அவ்வளவு பேர் சேர்ந்தும் தோற்றது ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் தங்கள் மகள் படிக்க நினைக்கும் துறை. அதைப் படிப்பவர் போராட்டத்துக்குப் போயே தீர வேண்டும் என்பதில்லை. வெள்ளத்தைப் பற்றிப் படிக்கும் பொறியாளர் ஆற்றில் குதிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

கூட்டத்தில் கலந்த மனிதன் சொந்தப் புத்தியை இழந்துவிடுகிறான் என்று பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ போன் 1895இல் எழுதினார். தங்கள் கருத்தும் அதற்கு அருகில்தான் இருக்கிறது, தவறாக எண்ண வேண்டாம். மக்கள் தங்களுக்கு உரியது என்று நம்புவதற்கும் உண்மையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியே கலகத்தை வளர்க்கிறது என்று அமெரிக்க அரசியலறிஞர் டெட் கர் 1970இல் வாதிட்டார். கேட்பதற்குச் சரியாகவே படும் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. மனக்குறை எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கிறது, இயக்கங்களோ எப்போதாவதுதான் எழுகின்றன.

அந்த ஓட்டையை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியவர் பொருளியலாளர் மன்கர் ஓல்சன். நான் குடியிருக்கும் செம்பூர்க் கட்டடத்தில் மொட்டை மாடி ஒழுகுகிறது. பழுதுபார்த்தால் கட்டடம் முழுவதற்கும் நன்மை, ஆனாலும் கீழ்த்தள வீட்டுக்காரர்கள் பணம் தர மூன்று மழைக்காலமாக இழுத்தடிக்கிறார்கள். பலன் பொதுவாகக் கிடைக்கும்போது, பிறர் பாடுபடட்டும், நாம் ஓசியில் அனுபவிக்கலாம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுவது இயல்பே என்றும், சிறிய குழுவாக இருந்தாலோ, பங்கேற்பவருக்கு மட்டும் கிடைக்கும் தனிச் சலுகையோ கட்டாயமோ இருந்தாலோ ஒழியக் கூட்டுச் செயல் கைகூடாது என்றும் ஓல்சன் 1965இல் எழுதினார். எங்கள் சொசைட்டியைப் பொறுத்தவரை அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. மில் தொழிலாளர்களைப் பொறுத்தவரை அது போதாது, ஏனென்றால் அவர்கள் 2.5 லட்சம் பேர்.

1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்வதற்கு மிசிசிப்பி மாநிலம் செல்ல விண்ணப்பித்த மாணவர்களைச் சமூகவியலாளர் டக் மெக்ஆடம் ஆராய்ந்தபோது கண்டது இங்கே உதவும். போனவர்களுக்கும் கடைசியில் பின்வாங்கியவர்களுக்கும் கொள்கைப் பற்றில் பெரிய வேறுபாடு இல்லை; போனவர்களுக்கு அதே பணியில் இறங்கிய நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். மில்கள் நிறைந்த பரேல், லால்பாக் பகுதிகளில் சால் எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே அறையில் முறைவைத்துத் தூங்கி, ஒரே மில்லுக்குப் போய் வந்த வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால், அத்தனை பேர் சேர்ந்ததில் வியப்பில்லை.

தோல்விக்கான விடை வேறிடத்தில் இருக்கிறது. பணம், ஆள், அமைப்பு ஆகியவை எவ்வளவு காலம் தாங்கும் என்பதே ஓர் இயக்கத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது என்று சமூகவியலாளர்கள் மெக்கார்த்தியும் சால்டும் 1977இல் எழுதினார்கள். ஆட்சியில் இருப்பவர்களிடம் பிளவோ இளக்கமோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அரசியல் வாய்ப்புக் கோட்பாட்டினர் சேர்த்தது. மில் முதலாளிகளிடம் விற்காமல் தேங்கிய துணி இருந்தது, பக்கத்து ஊரான பிவண்டியில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டப்படி முதலாளிகளோடு பேச அங்கீகாரம் பெற்ற சங்கம் சாமந்தினுடையது அன்று, மத்திய அரசும் இறங்கி வரவில்லை. தங்கள் தந்தையார் புத்தி கெட்டுப்போய்க் கூட்டத்தில் சேரவில்லை, ஐயா. குறையும் ஒற்றுமையும் நிறைய இருந்து, தாக்குப்பிடிக்கும் வளமும் அரசியல் வாய்ப்பும் இல்லாத ஒரு போராட்டத்தில் அவர் இருந்தார்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் தங்களுக்குத் தெரிந்ததுதான். கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரும் குடிசைவாசிகளின் தலைவருமான ஜாக்கின் அற்புதம், மான்கூர்டு ஜனதா காலனியில் அள்ளப்படாமல் கிடந்த குப்பையைக் குழந்தைகளிடம் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்து நகராட்சி அலுவலக வாசலில் போடச் செய்தார். 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தக் காலனி இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகு அவர் மறியலோடு நிற்காமல், குடிசைப் பகுதிகளைக் குடியிருப்பவர்களே கணக்கெடுப்பதிலும் மகளிரின் அன்றாடச் சேமிப்பிலும் இறங்கினார். நாள்தோறும் வீடு வீடாகச் சில்லறை வாங்கும் பெண்ணுக்கு யார் வீட்டில் நோய், யார் வீட்டில் வேலை போயிற்று என்பது தெரிந்திருக்கும். ஓல்சன் கேட்ட சிறுகுழுவும் தனிப் பலனும் அந்தச் சேமிப்பில் இருந்தன. பொது வளத்தை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

இனி வேலை. குடிமைப்பணித் தேர்வின் சமூகவியல் விருப்பப் பாடத்தில், முதல் தாளில் சமூக இயக்கங்களும் கூட்டுச் செயலும், இரண்டாம் தாளில் இந்தியாவின் விவசாயி, மகளிர், தலித், சுற்றுச்சூழல் இயக்கங்களும் உள்ளன. இரண்டு தாள்களுக்கும் சேர்த்து 500 மதிப்பெண். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கோருகிறது. தனியார் திட்டமானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரும், அரசு-தனியார் கூட்டுத் திட்டமானால் 70 சதவீதத்தினரும் ஒப்புதல் தர வேண்டும் என்கிறது. மக்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்று களத்தில் இறங்கிக் கண்டறியத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற விதியால் மும்பைத் தலைமையகங்களிலும் இத்தகைய பணியிடங்கள் உள்ளன. கல்லூரி ஆசிரியப் பணி வேண்டுமென்றால் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். ஆனால் அந்த வழி நீண்டது, முனைவர் பட்டம் முடிவதற்குள் மகளுக்கு முப்பது வயது நெருங்கிவிடும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் வங்கி வேலையோடு ஒப்பிடக்கூடியதாக இராது என்பதும் உண்மை.

எங்கே படிப்பது என்பதில் எனக்கு அதிகக் குழப்பமில்லை. 1936இல் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தேவ்னாரில் இருக்கிறது, அங்கே சேர முதுநிலைக்கான கியூட் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1919இல் பேட்ரிக் கெடிஸ் தலைமையில் தொடங்கிய மும்பைப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறை கலினாவில் இருக்கிறது. இரண்டுக்கும் தாராவியிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம்.

எனக்குள்ள ஐயம் வேறு. கோட்பாட்டைப் பேசத் தெரிந்த மாணவர்களுக்குக் குறைவில்லை. புள்ளியியல் தெரிந்து, ஒரு தெருவில் நாற்பது வீட்டுக் கதவைத் தட்டி, கேட்டதை ஒழுங்காக எழுதி வைக்கும் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் பஞ்சம். தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் பேச முடிகிற தாராவிப் பெண்ணுக்கு இதில் கிடைக்கும் முன்னிலை சாதாரணமானதன்று. அந்தப் பொறுமை அவரிடம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சோதித்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு ஒரு வேலை தருகிறேன். வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி, கடையில் கடன் கொடுத்தது யார், ஊரிலிருந்து அரிசி வந்ததா, சங்கத்து ஆள் எத்தனை முறை வந்தார், தாத்தா எந்த நாளில் நம்பிக்கை இழந்தார் என்று மகள் தன் ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டு, நான்கு பக்கம் எழுதட்டும். தாங்கள் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டாம். அந்த நான்கு பக்கங்களோடு அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்பதை அவற்றைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.