வீல் நட்டு: எப்போது தளர்த்துவது, எவ்வளவு இறுக்குவது?

கேள்வி: ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கிய பிறகு நட்டைத் திருகினால் சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது. எப்படியோ ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்கினேன். இது சரியா?

பதில்: முதலில் தளர்த்துவதைப் பார்ப்போம். டயர் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள், கழற்ற வேண்டாம். தரையே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கிய பிறகு பலமாக இழுத்தால் கார் ஜாக்கியிலிருந்து சரியலாம், அதுதான் எனக்குக் கவலை. ஹேண்ட் பிரேக்கும், எதிர் மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல்லும் கட்டாயம்.

ஸ்பேனரின் கைப்பிடி இடது பக்கம் நீட்டியிருக்கும்படி மாட்டிக் கீழ்நோக்கி அழுத்துங்கள். அசையாவிட்டால் காலால் மிதிக்கலாம், தவறில்லை.

ஆனால் இறுக்கும்போது ஏறி நிற்காதீர்கள். நட்டை இறுக்க இறுக்க போல்ட் மயிரிழை அளவு நீளும். அது மீண்டும் சுருங்கப் பார்க்கும் விசைதான் ரிம்மை ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியோடு) அழுத்திப் பிடிக்கிறது. அளவு மீறினால் போல்ட் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், பிடிப்பு போய்விடும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு) போதும். உங்கள் காருக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். 70 கிலோ எடையுள்ளவர் 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் நின்றால் 170ஐத் தாண்டிவிடும்! அதே நுனியில் சுமார் 40 கிலோ அழுத்தம் கொடுத்தாலே 100 வந்துவிடும். டார்க் ரெஞ்ச் (திருகும் விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டின் கூம்பு முனை ரிம் பக்கம் இருக்கட்டும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள், ஸ்பேனரை எடுக்காதீர்கள். மரை கோணலாகப் பிடித்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். வழுக்கலால் அதே பலத்துக்கு போல்ட் கூடுதலாக இழுபடும். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தால் போதும்.

அப்புறம் வரிசை. ஒரு நட்டை இறுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிரே இருப்பதற்குப் போங்கள். 5 நட்டு என்றால் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்று விட்டு ஒன்று. அப்போதுதான் ரிம் ஹப்பில் சமமாக உட்காரும். டயர் தரையைத் தொடாதபோது லேசாக இறுக்கி, காரை இறக்கிய பின் அதே வரிசையில் முழுதாக இறுக்குங்கள்.

நீங்கள் ஏற்கெனவே ஏறி நின்று இறுக்கிவிட்டதால், அந்தச் சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மரையைப் பாருங்கள். மரை இழுபட்டிருந்தாலோ, நட்டு கையால் சுலபமாகச் சுற்றாவிட்டாலோ அந்த போல்ட்டையும் நட்டையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் சரியான அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை இறுக்கத்தைச் சரிபாருங்கள்.