1990ஆம் ஆண்டு டவுன் ஏஸ் வானைத் திருகோணமலையில் வைத்திருப்பது கட்டுப்படியாகுமா?

மாமா வெளிநாடு போகிறார், அவருடைய 1990ஆம் ஆண்டு டொயோட்டா டவுன் ஏஸ் டீசல் வானைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், வீடு உப்புவெளியில், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வான், சிஆர் 27 என்கிற மொடல், எங்கள் வீட்டிலும் நிற்கிறது. அப்பா வாங்கியது, இப்போது என் பொறுப்பு. கடற்கரையும் கூப்பிடு தூரம்தான்.

என் பதில் இதுதான்: எஞ்சினைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தகரத்தைப் பார்த்து எடுங்கள். கடலுக்குத் தூரமான குருநாகலிலோ கண்டியிலோ இருந்து கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அதில் இருப்பது 2சி எஞ்சின், 1974 சிசி, கம்ப்யூட்டர் தொல்லை இல்லாத டீசல். பழுதானால் திறந்து செய்யலாம். செய்ய முடியாமல் போனாலும் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்னொன்று கிடைக்கும். உப்புக்காற்று தின்ற அடிப்பாகத்துக்கு அப்படி மாற்று கிடையாது. தகர வேலை செய்யும் எங்கள் டிங்கர் பாஸ் சொல்வார்: "தம்பி, எஞ்சினைத் தூக்கி வைக்கலாம். எதில தூக்கி வைக்கிறது?"

வானைப் பார்க்கப் போகும்போது ஒரு டோச் லைட், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய காந்தத் துண்டு மூன்றையும் கொண்டுபோங்கள். மாமாவின் வான்தானே என்று கூச்சப்பட வேண்டாம். முதலில் இழுக்கிற பக்கக் கதவு. அதைப் பாதி திறந்து, பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் உருளை தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. உருளையைத் தாங்கும் தகரமே இற்றுப்போயிருந்தால் அது வேறு கதை. கதவுக்குக் கீழே ஓடும் தண்டவாளத்தில் மணலும் தண்ணீரும் சேர்ந்து கிடக்கும், துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிறகு றப்பர் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள், பின் சில்லு வளைவுகளுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் றப்பருக்கு அடியில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் மழைக்கு உள்ளே தண்ணீர் வருகிறது என்று அர்த்தம்.

வெளியே பளபளவென்று இருக்கிற இடங்களில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கடைசியாக வானுக்கு அடியில் படுத்து, பின் வில்லுத்தட்டு பூட்டியிருக்கும் இடத்தையும் நீளவாட்டில் ஓடும் சட்டத்தையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள், நுனியால் குத்துங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்று உள்ளே இறங்கினால் மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கதவு, பின்கதவு, பம்பர் எல்லாம் துருப்பிடித்திருந்தாலும் கவலை இல்லை, கழற்றி மாட்டலாம். சட்டம் போனால் ஆளுக்கு ஆபத்து.

தகரம் நன்றாக இருந்தால் வாங்குங்கள். அதன்பிறகு அதைக் காப்பாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சோம்பல் இல்லாமல் இருந்தால் போதும். மார்கழி வாடைக்காற்று கடலிலிருந்து நேராக உப்பை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் வானைக் கடலுக்கு மறைவாக, சுவர்ப் பக்கம் நிறுத்துங்கள். நிலாவெளிப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதால் கழுவாமல் விடுவதே மேல். ஒவ்வொரு கதவின் கீழ் விளிம்பிலும் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் உண்டு. மணல் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும், கதவு உள்ளிருந்து உளுக்கும். ஒரு கம்பித் துண்டால் குத்தி எடுத்தால் முடிந்தது வேலை. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

சேர்விஸ் செய்கிற இடத்தில் அண்டர்சீல், அதாவது அடிப்பாகத்துக்கான தடித்த பூச்சு, அடிக்கச் சொல்வார்கள். துருவைச் சுரண்டி, காயவைத்து, துருத்தடுப்புப் பூச்சு பூசிய பிறகென்றால் சரி. துருவுக்கு மேலேயே தார் மாதிரி அப்பினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், ஒரு மழைக்காலம் போனதும் தகடு தகடாகக் கழரும். கழித்த எஞ்சின் ஒயிலை அடியில் விசிறுகிற வழக்கமும் இங்கே உண்டு. துருவைத் தடுக்கும்தான், ஆனால் றப்பர் புஷ்களை ஊதவைத்துவிடும், பிரேக்கில் பட்டால் அதைவிட மோசம். நான் செய்வதில்லை.

அடுத்தது சூடு. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அனல் அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் கந்தளாய் போய் வந்தாலே ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். 2சியின் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளையும், விரிசல் விடும். இந்த எஞ்சினின் பலவீனம் இதுதான், அதனால் தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கூலன்ட்டும் வடித்த தண்ணீரும் மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு உவர்த் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே மறந்தவர்களின் ரேடியேற்றர்களைக் கராஜ்களில் பார்க்கலாம், உள்ளே சேறு. இன்னொன்று, ரேடியேற்றர் முன்னுக்கு, எஞ்சின் நடுவில், இடையில் நீளமான குழாய்கள். தண்ணீர் மாற்றினால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும். முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். ஹீட்டர் எதற்கு நம் ஊரில் என்று குழாயை அடைத்து வைத்திருப்பார்கள். திரும்பப் பூட்டிக்கொள்ளுங்கள். மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது முள் மேலே போனால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்தால் கொஞ்சம் இறங்கும். வியர்த்துக் கொட்டும், ஹெட் தப்பும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டுங்கள், ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று மாமாவுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால் வாங்கிய கையோடு மாற்றுங்கள். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒன்று என்பது கணக்கு. டீசல் பம்பையும் அதுதான் ஓட்டுகிறது, அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபடும். கூடவே டென்ஷனர் பெயாரிங்கையும் கேம் ஒயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். சீல் கசிந்து ஒயில் பட்டால் புது பெல்ட்டும் நிற்காது.

மற்றவை சில்லறை. டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அவ்வப்போது தண்ணீரை இறக்குங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது அவசியம். காலையில் ஸ்டார்ட்டர் இழுக்கத் திணறினால் உடனே பற்றரி வாங்க ஓடாமல், பற்றரியிலிருந்து வானின் தகரத்துக்குப் போகும் எர்த் வயரின் முனையைக் கழற்றி உரசிப் பாருங்கள், உப்புக்குப் பச்சை பூத்திருக்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள், பற்றரியிலிருந்து நேராகக் கரண்ட் போய் வெளிச்சம் கூடும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் இருட்டில் யானை நிற்பதை அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சத்தில் கிட்டப் போய்த்தான் காண்பீர்கள். முன்னால் மூக்கு இல்லாத வான், இடித்தால் முதலில் வாங்குவது உங்கள் முழங்கால். இரவில் அந்தப் பாதையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வான்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே நல்ல நிலையில் வைத்திருந்தால் போட்ட காசு பெரும்பாலும் திரும்பி வரும். நெடுந்தூரத்தில் எனக்கு லீற்றருக்கு 10 கிலோமீற்றர் வரை கிடைக்கிறது, ஊருக்குள் குறையும். 2022இல் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்து வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றபோது அதை வைத்தே ஓட்டினோம். தினமும் வேலைக்குத் தனியாகப் போய்வரத்தான் என்றால் இது வேண்டாம், மோட்டார் சைக்கிள் போதும். குடும்பம் பெரிது, கோயில் குளம், கலியாண வீடு, அப்பா அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவது என்றால் இந்த வானின் அருமை தெரியும். பின் சீட்டை மடக்கினால் நெல் மூட்டையும் போகும்.

பெயர் மாற்றுவதற்கு முன் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் எஞ்சின் மாற்றி அதைப் பதியாமல் விட்டிருப்பார்கள், அல்லது சேசிஸ் நம்பரின் எழுத்துகளைத் துரு அரித்திருக்கும். இரண்டில் எது இருந்தாலும், மாமா விமானம் ஏறுவதற்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். புகைப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே ஒருமுறை போங்கள். கரும்புகை தள்ளினால் முதலில் எயார் பில்டரை மாற்றுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் டீசலைப் பீச்சும் நொசில்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள். நீலப்புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லி மாமாவிடம் கேட்கலாம்.