உள்ளங்கால் கருப்பு, நகத்துல கோடு, இமையில கட்டி: தோல் பயாப்சி கேள்வி பதில்

நான் பாத்தாலஜிஸ்ட், தோல் பயாப்சி (சோதனைக்காக வெட்டி எடுத்த தோல் துண்டு) ஸ்லைடை மைக்ரோஸ்கோப்ல பாக்குறதுதான் தினசரி வேலை. வந்த கேள்விகள்ல அபூர்வமான தோல் கட்டிகள், மெலனோமா (தோலுக்கு நிறம் தர்ற செல்லுல வர்ற கேன்சர்) பத்தினதை மட்டும் இங்க எடுத்துக்குறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு. உள்ளங்கால்ல கருப்புத் திட்டு, ஒரு வருஷமா பரவுது. மெலனோமா வெள்ளைக்காரங்களுக்குத்தானே வரும்?

இல்ல தம்பி, நமக்கும் வரும், ஆனா வர்ற இடம் வேற. நம்மள மாதிரி கருத்த தோல்காரங்களுக்கு வர்ற மெலனோமால பெரும்பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியிலதான், பேரு ஏக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா, வெயிலுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது. பாடகர் பாப் மார்லிக்கு 1977ல கால் கட்டைவிரல் நகத்தடியில கண்டுபிடிச்சது மெலனோமாதான், 1981ல 36 வயசுல போயிட்டாரு. உள்ளங்கால் ரேகையில மேடு பள்ளம் இருக்குல்ல, டெர்மாஸ்கோப் (தோலைப் பெருசாக்கிக் காட்டுற கருவி) வச்சுப் பாத்தா சாதா மச்சத்தோட நிறம் பெரும்பாலும் பள்ளத்துல ஓடும், மெலனோமா மேட்டுல பட்டையா ஓடும். ஸ்லைடுல ஆரம்பத்துல ரொம்ப அடக்கமா இருக்கும், மேல்தோலோட அடி வரிசையில மெலனோசைட் (அந்த நிறம் தர்ற செல்) ஒண்ணொண்ணா வரிசை கட்டி நிக்கும், செல்லுக்குள்ள இருக்குற கருவும் லேசாத்தான் பெருத்திருக்கும், அதனால ஓரத்துல துளியூண்டு கிள்ளி அனுப்புனா எங்களாலயே உறுதியா சொல்ல முடியாம போகும். காலாணின்னு வெட்டிக்கிட்டு இருக்காம இந்த வாரமே தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: எனக்கு நாலஞ்சு விரல் நகத்துல பழுப்புக் கோடு இருக்கு, பயமா இருக்கு.

பல நகத்துல மெல்லிசா இருந்தா நம்ம நிறத்துக்கு பெரும்பாலும் சாதாரணம்தாங்க. ஒரே நகத்துல புதுசா வந்து, அகலமாகிட்டே போயி, நகத்தைச் சுத்தி இருக்குற தோல்லயும் கருப்பு இறங்குனா (ஹச்சின்சன் அடையாளம்னு சொல்லுவோம்) உடனே காட்டணும். நகத்தை மட்டும் வெட்டி அனுப்பி பிரயோஜனமில்ல, வேர்லேர்ந்து எடுக்கணும்.

கேள்வி: மாமாவோட ரிப்போர்ட்ல டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமான்னு இருக்கு, ஆனா ஹெச்எம்பி-45 நெகட்டிவ்னும் போட்டிருக்கு. தப்பா எழுதிட்டாங்களா சார்?

தப்பில்லைங்க, ஹெச்எம்பி-45ங்கிறது மெலனோமாவைத் தேட ஸ்லைடுல போடுற ஒரு சாயச் சோதனை, இந்த வகை அப்படித்தான். வயசானவங்களுக்கு, வெயில் பட்ட தலை, கழுத்துல கெட்டியா தழும்பு மாதிரி வரும், பாதி நேரம் கருப்பே இருக்காது. ஸ்லைடுலயும் தழும்பு மாதிரியேதான், நார் நாரா கொலாஜன், நடுவுல ஒல்லி ஒல்லியா நீண்ட செல்லுங்க. படிக்கிற காலத்துல இப்படி ஒரு ஸ்லைடை நான் தழும்புன்னே எழுதப் போயிட்டேன், என் சீனியர் ஒண்ணுமே சொல்லாம ஸ்லைடை நகர்த்தி ஆழத்துல அங்கங்க திட்டுத்திட்டா குவிஞ்சிருந்த லிம்ஃபோசைட்டையும் (ஒரு வகை வெள்ளை அணு), ஒரு நரம்பைச் சுத்திப் படர்ந்திருந்த செல்லையும் காட்டுனாரு, இன்னைக்கும் தழும்புன்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டையும் தேடிடுறேன். இதுல எஸ்-100, சாக்ஸ்-10ங்கிற சாயச் சோதனை பாசிட்டிவ் வரும், ஹெச்எம்பி-45, மெலன்-ஏ பெரும்பாலும் வராது. உங்க ரிப்போர்ட் எழுதினவங்க கவனமாத்தான் பாத்திருக்காங்க.

கேள்வி: அம்மாவுக்கு ஒரே இமையில கண் கட்டி, மூணு தடவை கீறியாச்சு, திரும்பத் திரும்ப வருது.

அக்கா, வயசானவங்களுக்கு அதே இடத்துல திரும்ப வந்தா கீறி விட்டா மட்டும் பத்தாது, பயாப்சி கேளுங்க. இமையோட எண்ணெய் சுரப்பியில வர்ற செபேசியஸ் கார்சினோமா கண் கட்டி வேஷத்துலயே மாசக்கணக்குல இருக்கும், நம்ம ஊர்ல இமையில வர்ற கேன்சர்ல இதோட பங்கு பெருசு. ஸ்லைடுல செல்லுக்குள்ள நுரை நுரையா கொழுப்புக் குமிழி, அது அழுத்தி கரு குழிஞ்சு கிடக்கும்.

கேள்வி: 7 வயசுப் பொண்ணுக்கு கன்னத்துல சிவப்புக் கட்டி எடுத்தோம், ஸ்பிட்ஸ் நீவஸ்னு வந்திருக்கு. கேன்சரா?

இல்லம்மா, இது ஒரு வகை மச்சம்தான், கிளாசிக் ஸ்பிட்ஸ்னு எழுதி முழுசா எடுத்திருந்தா நிம்மதியா இருங்க. 1948ல சோஃபி ஸ்பிட்ஸ்ங்கிற பாத்தாலஜிஸ்ட்தான் இதைத் தனியா பிரிச்சு எழுதுனாங்க, அப்ப அதுக்கு சிறுவயசு மெலனோமான்னே பேரு. ரிப்போர்ட்ல ‘எட்டிபிகல்’னு (வழக்கத்துக்கு மாறானதுன்னு அர்த்தம்) வார்த்தை இருந்தா மட்டும் ஸ்லைடை இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: முதுகுல மச்சம் நிறம் மாறுது. லேசர்ல சுட்டு எடுத்துரலாமா?

தயவுசெஞ்சு வேணாம். மெலனோமாவா இருந்தா அடுத்து என்ன செய்யணும்னு முடிவு பண்றதுல முக்கியமானது ஆழம், 1970ல பிரெஸ்லோங்கிற பாத்தாலஜிஸ்ட் சொன்ன அளவு, மேல்தோலோட கிரானுலர் அடுக்குலேர்ந்து கடைசி கேன்சர் செல் வரைக்கும் மில்லிமீட்டர்ல அளப்போம். 0.8க்கு கீழயா மேலயாங்கிறதுலயே ஸ்டேஜ் மாறும். சுட்டுட்டா அளக்க எதுவுமே மிஞ்சாது. கத்தியில முழு ஆழத்துக்கு எடுத்து, துண்டை விட பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலின்ல (துண்டு அழுகாம காக்குற திரவம்) போட்டு அனுப்பச் சொல்லுங்க. சலைன்ல (உப்புத்தண்ணி) மிதந்துக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு வர்ற துண்டுல செல் எல்லாம் அழுகிப் போயிருக்கும், அப்ப நாங்க எவ்வளவு நேரம் உக்காந்து பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது.