பாலு மகேந்திரா ‘இயற்கை ஒளி’யில் படம் எடுத்தார் என்கிறார்களே, லைட்டே போடாமல் எடுத்தாரா?

அப்படிச் சொன்னால் அது பாதி உண்மைதான். இருக்கிற வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை மாற்றாமல், போதாத இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்வதுதான் அவர் பாணி. கேட்க எளிதாகத் தெரியும். 1970களின் ஃபிலிமில் அது எத்தனை கஷ்டம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய சாதனை புரியும்.

அன்று கிடைத்த கலர் நெகட்டிவின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், பெரும்பாலும் 100 ஏ.எஸ்.ஏ. அதுவும் மஞ்சளாக எரியும் டங்ஸ்டன் விளக்குக்காகத் தயாரானது. பகல் வெளிச்சத்தில் எடுக்க, நிறத்தைச் சரிசெய்யும் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் போட வேண்டும். போட்டால் வேகம் 64க்கு இறங்கிவிடும். லென்ஸின் திறப்பை எஃப் 2.8 வைத்தால் முகத்தில் சுமார் 1,700 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் அது கிடைக்கும்; நாலடி உள்ளே தள்ளினால் கிடைக்காது. லென்ஸை இன்னும் திறந்தாலோ ஃபோகஸ் ஆழம் சுருங்கும், நடிகர் லேசாக முன்னால் சாய்ந்தாலே கண்கள் மங்கிவிடும். ஆக, நடிகர் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு அசையலாம் என்பதையே வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது. தன் படங்களை அவரே இயக்கி, ஒளிப்பதிவு செய்து, பலவற்றை எடிட்டும் செய்ததன் பலன் இங்கேதான் இருக்கிறது. காட்சியை எழுதும்போதே ஜன்னல் எங்கே, மணி என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இலங்கை மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் படித்தவர். மலையாளத்தில் ‘நெல்லு’ (1974) ஒளிப்பதிவாளராக முதல் படம். முதலில் இயக்கியது கன்னடத்தில், ‘கோகிலா’ (1977). அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. ‘மூன்றாம் பிறை’க்கு (1982) மறுபடியும். மகேந்திரன் இயக்கி, இவர் ஒளிப்பதிவு செய்த ‘முள்ளும் மலரும்’ (1978) வந்தபோது, முகத்தில் பளீரென்று விளக்கடிக்காமலும் ஒரு தமிழ்ப்படம் ஓடும் என்பது நிரூபணமானது.

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் ‘வீடு’ (1988) பாருங்கள். பாட்டே கிடையாது. படத்துக்காகவே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே எடுத்தார்கள். கதவு, ஜன்னல் மாட்டாத வெறும் செங்கல் சுவர்களுக்குள், தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் நடந்து பார்க்கும் காட்சியில் வெளிச்சம் எந்தத் திறப்பு வழியாக வருகிறது, சுவரைத் தடவும் கையில் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று கவனியுங்கள். பாகவதரின் முகத்தை ‘அழகாக்க’ எதுவுமே செய்யவில்லை. அந்தக் காட்சியின் பலமே அதுதான்.

இந்தப் பாணியைப் பின்பற்றுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ஜன்னல் வெளிச்சத்தோடு அறையின் ட்யூப்லைட்டும் எரிந்தால் முகத்தில் பச்சை படியும், அணைத்துவிடுங்கள். நிழல் பக்கத்தைத் தூக்க வெள்ளைத் தெர்மோகோலை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும், கேமரா பக்கத்தில் பிடித்தால் முகம் தட்டையாகிவிடும். காலை ஒன்பது மணி ஷாட்டும் பன்னிரண்டு மணி ஷாட்டும் ஒட்டாது. அதனால் வைட் ஷாட்டை முதலில் முடித்துவிட்டு, க்ளோஸப்பை ஜன்னல் பக்கம் இழுத்து எடுத்துக்கொள்ளலாம். இன்றைய டிஜிட்டல் கேமராவில் 3,200 ஐ.எஸ்.ஓ. (ஏ.எஸ்.ஏ.வின் இன்றைய பெயர்) வைத்தால் மங்கலான வெளிச்சத்திலும் படம் பதியும். ஆனால் வெளிச்சத்துக்குத் திசை இல்லாவிட்டால் அதை பாலு மகேந்திரா பாணி என்று நான் சொல்லமாட்டேன்.

இயக்குநர்கள் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாரும் அவரிடமிருந்து வந்தவர்கள். உதவியாளர்களைச் சிறுகதை படித்துச் சுருக்கம் எழுத வைப்பது அவருடைய பயிற்சிமுறை. கேமரா அதற்குப் பிறகுதான்.

வருத்தமான ஒரு விஷயம்: தான் இயக்கிய ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டுக்கும் நெகட்டிவ் இல்லை என்று அவரே மேடையில் சொல்லி, திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டார். 2014இல் காலமானார். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் தேய்ந்த பிரதிகள். நிழல்கள் கறுத்து, நிறம் வெளிறிப்போயிருக்கும். ஆகவே நிறத்தை வைத்து எடைபோடாமல், வெளிச்சம் வரும் பக்கத்தை மட்டும் பாருங்கள்.