முழங்கால் வலியோடு திரிவேணி சங்கமத்தில் நீராட முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. திரிவேணி சங்கமத்தில் ஒருமுறையாவது நீராட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முழங்கால் வலி இருக்கிறது. தை அமாவாசைக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் தை அமாவாசை வேண்டவே வேண்டாம். வடக்கே அதற்கு மௌனி அமாவாசை என்று பெயர். சங்கமம் இருக்கும் பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) நடக்கும் மாக மேளா என்ற நீராடல் திருவிழாவில் கூட்டம் உச்சத்தைத் தொடும் நாள் அது. வண்டிகளை வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் கிலோமீட்டர் கணக்கில் நடைதான். ஜனவரிப் பனிமூட்டத்தில் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வெள்ளக் காலம். சங்கமத்துக்குப் பக்கத்திலுள்ள கோட்டையை ஒட்டிப் படுத்த கோலத்தில் இருக்கும் அனுமாரின் கோயிலுக்குள்ளேயே கங்கை புகுந்துவிடும். மேளா சிவராத்திரியோடு முடிந்துவிடும். அதற்குப் பிந்தைய மார்ச் மாதத்தைத்தான் நான் சொல்வேன்.

சங்கமம் என்பது நம் ஊர் ஆற்றுத்துறை போலப் படியில் இறங்கிக் குளிக்கும் இடமில்லை. பெரும்பாலும் கோட்டைப் பக்கத்துத் துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். முழங்காலைச் சோதிப்பதும் அந்தப் படகில் ஏறும் இடம்தான். கரை மணலும் சேறுமாக இருக்கும். ஒற்றைப் பலகையில் கால் வைத்து ஏற வேண்டிவரலாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலி கொண்டுபோங்கள். பலரோடு நெருக்கியடித்துப் போகாமல் தனிப் படகாகப் பேசுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, போகவர மொத்தம் எவ்வளவு என்று ஏறுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மிதவை அங்கி போடாமல் அம்மாவை உட்காரவைக்காதீர்கள்.

நடு ஆற்றில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, இடையே பலகைத் தளத்தைத் தண்ணீருக்குள் இறக்கியிருப்பார்கள். பக்கத்திலேயே கங்கையின் கலங்கிய மண்ணிறமும் யமுனையின் பச்சையும் ஒன்றோடொன்று சேருவதைப் பார்க்கலாம். அம்மாவால் தளத்தில் இறங்க முடிந்தால், ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முடியவில்லையா? படகில் உட்கார்ந்தபடியே சொம்பில் மொண்டு தலையில் விடுங்கள். முதியவர்களுக்கு அதுவே போதும். அவருக்கு மனக்குறை வராதபடி இதை ஊரிலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அப்பாவும் உடன் வருகிறாரென்றால் வேணி தானத்தைப் பற்றிப் புரோகிதரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மனைவியின் தலையைக் கணவரே பின்னிவிட்டு, பின்னலின் நுனியைக் கத்தரித்துச் சங்கமத்தில் சேர்க்கும் சடங்கு அது. ராமேஸ்வரத்து மணல் கொண்டுவந்தால் இங்கேதான் கரைக்க வேண்டும். ராமநாதருக்கான கங்கை நீரையும் இங்கேயே மொண்டுகொள்ளலாம். இறுக மூடும் பாத்திரம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.